மூக்கு டாக்டர் வீடு

வா யாழினி, உள்ள வா. படியேறியா வந்த? லிப்ட் இருக்கே, வாட்ச்மேன் சொல்லலியா உனக்கு? ரெண்டு மாடி வீட்டுக்கு எதுக்கு லிப்ட்டுன்னு கட்டும்போதே எல்லாரும் கேட்டாங்க. வர்றவங்க மூட்டு வலியோட வந்தா என்ன பண்றதுன்னு நான்தான் பிடிவாதமாப் போட வெச்சேன். வர்றவங்கதான் யாரும் இல்ல. நீயாவது போகும்போது அதுல எறங்கிப் போ.

மேடம் எல்லாம் வேணாம், ஆன்ட்டின்னே கூப்பிடு. குரல் கரகரன்னு இருக்கேன்னு பாக்காத. ரெண்டு மாசமா இப்படித்தான் இருக்கு. அந்தக் கதையும் சொல்றேன், அவசரம் இல்லையே உனக்கு? காபி வரும். சமையக்காரம்மா மெதுவாத்தான் கொண்டு வருவா, அவளுக்கு என்ன அவசரம்.

வீட்டுக்காரருக்குத் தெரியாம வரேன்னு போன்ல சொன்ன பாரு, அப்பவே எனக்கு உன்னைப் பிடிச்சுப் போச்சு. கௌதம் எங்க வீட்டுக்காரர்கிட்ட ஆறு மாசம் வேலை பாத்த பையன்தானே, எனக்கு நல்லாத் தெரியும். வாயத் தொறந்து பேசாது. ஈஎன்டி படிச்சு முடிச்சாச்சு, இப்ப மேல பெரிசா ஒண்ணு படிக்கணும். தொண்டைக்கு ஒரு எடத்துல கூப்பிடறாங்க, மூக்குக்கு ஒரு எடத்துல கூப்பிடறாங்க. அவனுக்குத் தொண்டை மேல ஆசை. உனக்குப் பயம். எதுல வருமானம்னு கேக்க வந்திருக்க. இதுல வெக்கப்பட என்ன இருக்கு? குடும்பம் நடத்தப் போறது நீ. நான் ஒண்ணும் கேக்காமலே கழுத்த நீட்டினேன், எனக்கு மூக்கு அமைஞ்சது என் அதிர்ஷ்டம்.

கேட்டுக்கோ. வெளிய இருக்கறவங்களுக்குக் காது, மூக்கு, தொண்டை மூணும் ஒண்ணு. ஒரே போர்டுல எழுதி, ஒரே டாக்டர் உக்காந்திருப்பாரு. உள்ள வந்து குடும்பம் நடத்தினாத்தான் தெரியும், மூணும் மூணு ஜாதின்னு.

மூக்குன்னா என்ன? எங்க வீட்டுக்காரரு காலைல உள்ள போனா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள நாலு மூக்கு முடிச்சிடுவாரு. உள்ள எலும்பு வளைஞ்சிருந்தா நேராக்கறது, சைனஸ சுத்தம் பண்றது. நோயாளி மறுநாளே நடந்து வீட்டுக்குப் போயிடுவான். அதுக்கு மேல, கல்யாணத்துக்கு முன்னாடி மூக்க அழகாக்கிக்க வர்றாங்களே, அந்தப் பொண்ணுங்க. அதுக்கு இன்ஷூரன்ஸ் எல்லாம் செல்லாது, கையிலேர்ந்துதான் குடுக்கணும். ஒருத்தி பேரம் பேசி நான் கேட்டதில்ல. புடவைக்குப் பேசுவாங்க, பூவுக்குப் பேசுவாங்க, மூக்குக்குப் பேச மாட்டாங்க.

காது நடுவுல. ஜவ்வு கிழிஞ்சா ஒட்டுவாங்க. காது கேக்காத குழந்தைக்குத் தலைக்குள்ள மெஷின் வைப்பாங்க, அதுல பேரு வரும், பேப்பர்ல போட்டோ கூட வரும். ஆனா அந்தப் பணத்துல பெரும்பங்கு மெஷின் கம்பெனிக்குத்தான். இருந்தாலும் மோசம் இல்ல, கார் வாங்கலாம், வீடு கட்டலாம்.

தொண்டைன்னா கேன்சர். புகையில, பீடி, பான் பராக்கு. காலைல உள்ள போனா விளக்கு வெக்கற நேரத்துக்குத்தான் வெளிய வருவாங்க, அதுவும் ஒரே ஒரு ஆளுக்கு. அந்த ஆள்கிட்ட இருக்கறது கவர்மென்ட் காப்பீட்டு அட்டை. அட்டைக்குன்னு ஒரு தொகை வரும், ஆஸ்பத்திரி எடுத்தது போக, மயக்க டாக்டருக்குக் குடுத்தது போக, மிச்சம்தான் கத்தி பிடிச்சவருக்கு. நாலு நாள் கழிச்சு ரத்தம் கசியுதுன்னு மறுபடி உள்ள தூக்கிட்டுப் போனா அதுக்குத் தனியா ஒண்ணும் கெடையாது. எங்க வீட்டுக் கணக்குல, தொண்டைக்கு ஒரு பங்குன்னா காதுக்கு ரெண்டு, மூக்குக்கு அஞ்சு. கூடக் கொறைய இருக்கும். ஒரே படிப்பு, ஒரே பரீட்சை, ஒரு ஜாண் எடத்துக்குள்ளதான் மூணும் இருக்கு. அதுக்குள்ள இவ்ளோ வித்தியாசம்.

நீ மூக்கையே எடுக்கச் சொல்லு. இந்த வீட்டைப் பாரு, உனக்கே தெரியும்.

இவரா? இவரு திங்கக்கிழமை கோயமுத்தூர், அப்புறம் மெட்ராஸ், அப்புறம் எங்கயோ. ஞாயித்துக்கிழமை வருவாரு, வந்தா தூங்குவாரு. பாவம், ஒழைக்கற மனுஷன். பையன் மெல்பர்ன்ல இருக்கான். மெசேஜ் போடுவான், நானும் போடுவேன். நல்ல பையன்.

எனக்கு எப்படி மூணோட கணக்கும் இவ்ளோ தெரியும்னு கேக்கறியா? நாங்க மூணு குடும்பமும் ஒரே வீட்டுல இருந்தவங்க. தஞ்சாவூர்ல இவங்க மேல்படிப்பு படிச்சப்ப, மெடிக்கல் காலேஜ் பக்கத்துல ஒரு ஓட்டு வீடு. நான், மங்கை, ஸ்டெல்லா. மங்கையோட வீட்டுக்காரரு வைரவன் அண்ணன், பின்னால தொண்டைக்குப் போனவரு. ஸ்டெல்லாவோட அந்தோணி அண்ணன் காதுக்குப் போனவரு. அப்ப மூணு பேருக்கும் ஒரே ஸ்டைபெண்டு. மாசம் பொறந்தா மூணையும் ஒரே எடத்துல போட்டு, அதுலதான் அரிசி, பால், கேஸ் எல்லாம். யார் காசு எதுன்னு யாருக்கும் தெரியாது. மங்கை ரெண்டாவது மாசம் வாந்தி எடுத்தப்ப ஆரஞ்சுப் பழம் வாங்கினோம், மூணு பேரும்தான் தின்னோம். சிரிக்காத, அந்த வயசுல பசி அப்படி.

மங்கைன்னா மங்கையர்க்கரசி. எனக்கு அவதான் எல்லாம். ஸ்டெல்லா நல்லவதான், ஆனா அவ நடுவுல இருக்கறவ, யாரோடயும் சண்டை கெடையாது, யாரோடயும் ஒட்டவும் மாட்டா. கிறிஸ்துமஸ்னா கேக்கு வரும், அத்தோட சரி. மங்கை அப்படி இல்ல. எனக்குக் காய்ச்சல்னா அவளுக்குத் தலை வலிக்கும்.

இந்தா, காபி வந்துடுச்சு. முறுக்கு எடுத்துக்கோ. கடை முறுக்குதான், வீட்டுல சுட்டா யாரு திங்கறது.

அப்புறம் என்ன, ஆளுக்கு ஒரு பக்கம் போனாங்க. எங்களுக்கு வருமானம் ஏற ஏற எனக்கு உறுத்தல்தான் யாழினி, சத்தியமாச் சொல்றேன். நான் மாடி கட்டறேன், அவ உறையூர் சந்துல வாடகை வீட்டுலயே இருக்கா. ஒரு தீபாவளிக்குப் போனேன். ஃபேன் கடகடன்னு ஓடுது, சோபாவுல ஸ்பிரிங் குத்துது. அண்ணன் முந்தின நாள் ஒரு ஆளுக்கு நாக்குல பாதிய எடுத்துட்டு வந்து அசந்து கெடக்காரு. எனக்கு மனசு கேக்கல. வீட்டுக்கு வந்து இவர்கிட்ட சொன்னேன்: "உங்களுக்கு வர்ற மூக்குல கொஞ்சம் அண்ணனுக்கு அனுப்புங்களேன். பெரிசு வேணாம், சின்னது சின்னதா அனுப்புங்க. அவரும் ஈஎன்டிதானே." இவருக்கும் கூட்டம் தாங்கல. சரின்னு, "உறையூர்ல டாக்டர் வைரவன் இருக்காரு, கூட்டம் இருக்காது, அவர்கிட்ட போங்க"ன்னு அனுப்ப ஆரம்பிச்சாரு. நாங்க அனுப்பறோம்னு அண்ணன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டேன். வலது கை குடுக்கறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு ஒரு எண்ணம்.

ஒரு வருஷம் போச்சு. மங்கை போன் பண்ணி, "குணா, இவரு கைராசி மூக்குக்கும் வந்துடுச்சுடி"ங்கறா. என் பேரு குணவதி, அவ மட்டும் குணான்னு கூப்பிடுவா. அண்ணன் லோன் போட்டு மூக்குக்குள்ள பாக்கற கேமரா புதுசு வாங்கிட்டாரு. வெளிய போர்டுல 'மூக்கு, சைனஸ் சிறப்பு சிகிச்சை'ன்னு சேத்து எழுதியாச்சு. எனக்குச் சிரிப்பும் தாங்கல, சந்தோஷமும் தாங்கல.

அப்புறம் ஸ்டெல்லா பொண்ணு கல்யாணம். பந்தியில நாங்க எல்லாரும் வரிசையா உக்காந்திருக்கோம், எதிர்ல பூராவும் டாக்டர் பொண்டாட்டிங்க. யாரோ கேட்டாங்க, "என்ன மங்கை, உங்க வீட்டுக்காரரு இப்ப மூக்கும் பண்றாராமே"ன்னு. அவ பெருமையா, "ஆமா, தானா தேடி வர்றாங்க"ன்னா. எனக்கு வாய் நமநமங்குது. எத்தனை நாள்தான் நல்லதைப் பண்ணிட்டு ஊமையா உக்காந்திருக்கறது? "தானா எங்க வர்றாங்க, எல்லாம் எங்க வீட்டுலேர்ந்து நான் அனுப்பச் சொல்றதுதான். போனாப் போவுது, நீ நன்றியெல்லாம் சொல்ல வேணாம் மங்கை"ன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்.

அவ எலைய மூடிட்டு எந்திரிச்சா. பாயசம் இன்னும் வரல. கை கழுவற எடத்துல போய் நின்னா, ரொம்ப நேரம் கை கழுவினா. நான் கிட்டப் போனேன். "நாங்க கேட்டோமா குணா?"ன்னா.

அடுத்த வாரமே போர்டுல அந்த வரிய அழிச்சாச்சு. நாங்க அனுப்பின ஆளுங்களை, "உங்க டாக்டர்கிட்டயே போங்க, அவருதான் இதுல கெட்டிக்காரரு"ன்னு மரியாதையாத் திருப்பி அனுப்பிட்டாரு. அந்தக் கேமரா லோன எப்படிக் கட்டினாங்களோ. நான் கட்டறேன்னு சொல்லி அனுப்பினேன், அதுக்குப் பதிலே இல்ல. நாலு வருஷம் ஆச்சு. பொறாமைதான், வேற என்ன சொல்றது. நம்ம வீட்டுல அஞ்சு பங்கு, அவங்க வீட்டுல ஒரு பங்கு. மனுஷங்களால அதத் தாங்க முடியறதில்ல. நான் நெனைச்சு நெனைச்சுப் பாக்கறேன், எதுல தப்புப் பண்ணேன்னு எனக்குத் தெரியல. நீயே சொல்லு, உனக்கு யாராவது இப்படி உதவி பண்ணா நீ கோவிச்சுப்பியா?

சரி விடு. சின்னப் பொண்ணு நீ, உனக்கு என்ன தெரியும்.

குரலுக்கு வரேன். ரெண்டு மாசம் முன்னாடி ஒருநாள் எழுந்தேன், குரல் இப்படி ஆகிப் போச்சு. சளி இல்ல, வலி இல்ல. ஞாயித்துக்கிழமை இவர்கிட்ட, "தொண்டை கட்டிக்கிச்சுங்க"ன்னேன். போனைப் பாத்துக்கிட்டே, "ஏசியக் கொறை"ன்னாரு. அன்னிக்கு எனக்கு அழுகையா வந்துச்சு. ஊர்ல இருக்கற மூக்கையெல்லாம் உள்ள கேமராவ விட்டுப் பாக்கற மனுஷன். இன்னொரு தரம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவரு கேக்கல. வாரத்துல மத்த நாள் எல்லாம் மெசேஜ்தானே, மெசேஜ்ல குரல் எப்படித் தெரியும்? சமையக்காரம்மா, நான் கத்திக் கத்தி அவளத் திட்டினதால தொண்டை போச்சுன்னு நெனைச்சுக்கிட்டிருக்கா.

எனக்குப் பயம் இல்லாம இல்ல. முப்பது வருஷம் ஈஎன்டி வீட்டுல குப்பை கொட்டினவ. இந்த வயசுல ரெண்டு மாசம் குரல் கட்டினா என்னவா இருக்கலாம்னு எனக்குத் தெரியும். ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். உள்ள பாத்தாத்தான் சொல்ல முடியும். பாக்கறதுக்கு இந்த ஜில்லாவுலயே வைரவன் அண்ணன விட்டா ஆள் இல்ல. அது இவரே சொல்வாரு.

ஆனா எப்படிப் போறது? நம்மகிட்ட ஒரு வழக்கம் இருக்கு, உனக்கும் இனிமே அதான். டாக்டர் குடும்பத்துக்கிட்ட டாக்டர் ஃபீஸ் வாங்க மாட்டாங்க. சண்டைக்காரனா இருந்தாலும் வாங்க மாட்டாங்க. அண்ணன் என்னைப் பாப்பாரு, நல்லாவே பாப்பாரு, ஒத்தக் காசு வாங்க மாட்டாரு. நான், அவங்க வீட்டுல போய், ஓசியில வைத்தியம் பாத்துக்கிட்டு, அந்த மங்கை முன்னாடி எந்திரிச்சு வரணுமா? நான் குடுத்தே பழகினவ யாழினி. எனக்குக் கை மேல இருந்துதான் பழக்கம்.

அதனால ஒரு வேலை பண்ணேன். யார்கிட்டயும் சொல்லாத.

போன வாரம் காரை விட்டுட்டு ஆட்டோ பிடிச்சுப் போனேன். பழைய புடவை, மூஞ்சியில மாஸ்க். அண்ணன் கிளினிக்ல டோக்கன் போடறது யாருங்கற? மங்கையேதான். தனியா ஆள் வெச்சா கட்டுப்படி ஆகாது போல. பேரு என்னன்னா. ராஜேஸ்வரின்னேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியாது, அவளுக்கு எங்க தெரியப் போவுது? போன் நம்பர் கேட்டா, என்னோடதையே குடுத்தேன், வேற நம்பருக்கு நான் எங்க போக. நாலு வருஷத்துல என் நம்பரை எப்பவோ அழிச்சிருப்பா. ஃபீஸ் குடுத்தேன், வாங்கிக்கிட்டா, மீதி சில்லற குடுத்தா. ஆஹா, எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அப்புறம் என் மூஞ்சியவே பாத்து, "குரல் எத்தனை நாளா இப்படி இருக்கு?"ன்னு கேட்டா.

ரெண்டு மாசத்துல என்னை அதைக் கேட்ட மொத ஆளு அவதான்.

போய் பெஞ்சுல உக்காந்தேன். என் டோக்கன் வரப் போவுது. அப்பத்தான் தோணுச்சு, உள்ள போனா மாஸ்க்கக் கழட்டணும், வாயத் தொறக்கணும். அண்ணனுக்கு என் மூஞ்சி தெரியாதா? மெதுவா எந்திரிச்சு வந்துட்டேன்.

மறுநாள் போன் வருது. மங்கை நம்பரு. "ராஜேஸ்வரி அம்மாவா? நேத்து பாக்காமப் போயிட்டீங்களே, டாக்டர் கேட்டாரு. இத இப்படியே விடக் கூடாதும்மா"ங்கறா. "வேலை வந்துடுச்சுங்க, இன்னொரு நாள் வரேன்"னேன். வெச்சுடுவான்னு பாத்தா, வெக்கல. சாப்பிட்டீங்களா, தூக்கம் வருதா, எச்சி முழுங்கினா வலிக்குதான்னு ஒவ்வொண்ணாக் கேக்கறா.

அன்னிக்குலேர்ந்து தெனம் பண்றா யாழினி. காலைல சமையல முடிச்சுட்டுப் பண்ணுவா போல, தாளிச்ச வாசனை இங்க வர்ற மாதிரி இருக்கும் எனக்கு. எல்லா நோயாளிக்கும் இப்படிப் பண்ணுவாளா இருக்கும், தங்கமான மனசு. நான் ராஜேஸ்வரியாப் பேசறேன். அவளும் வாய் ஓயாமப் பேசறா. அவ பொண்ணு பேங்க்ல வேலை பாக்குதாம். அண்ணனுக்கு முழங்கால் தேய்ஞ்சிடுச்சாம், நின்னு நின்னு.

என்ன சாமர்த்தியம்ங்கற. "இந்த மாத்திரைய இப்போதைக்குப் போடுங்க. உங்களுக்குத்தான் மாத்திரை முழுங்க வராதே, ஸ்பூன்ல கரைச்சுக் குடிச்சிடுங்க"ங்கறா. நெஜமாவே எனக்குச் சின்ன வயசுலேர்ந்து மாத்திரை முழுங்க வராது. குரல வெச்சே கண்டுபிடிச்சிட்டா பாரு. தொண்டை டாக்டர் பொண்டாட்டின்னா சும்மாவா? முந்தாநாள், "பையன் போன் பண்றானா?"ன்னு கேட்டா. பையன் இருக்கான்னு நான் சொன்னதே இல்ல. இப்ப எல்லா வீட்டுலயும் ஒருத்தன் வெளியூர்ல இருக்கான்ல, அந்தக் கணக்குல கேட்டிருப்பா. அப்புறம், "எனக்கு ஒரு சிநேகிதி இருந்தா, உங்கள மாதிரிதான், பிடிவாதக்காரி. கோவத்துல நானும் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது"ன்னா. யாருன்னு நான் கேக்கல. ஸ்டெல்லாவா இருக்கும்.

ஏன் சிரிக்கற? கண்ணு வேற கலங்குது உனக்கு. முறுக்கு காரமா?

நான் ஏன் இன்னும் உள்ள போய்க் காட்டலன்னு இப்பப் புரியுதா? பயம் ஒரு பக்கம். காட்டிட்டா, குரல் சரியாப் போச்சுன்னு வையி, அப்புறம் ராஜேஸ்வரிக்கு எதுக்கு போன் வரப் போவுது? அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் நான் காலைல எந்திரிச்சுக் குளிக்கறேன். தப்புன்னு தெரியுது. தெரிஞ்சு என்ன பண்றது, இந்த வீட்டுல வேற யாரும் என்னைக் கூப்பிடறதில்லையே.

நேத்து கொஞ்சம் கோவமாவே பேசினா. "இன்னும் எத்தனை நாள் சாக்குச் சொல்லுவீங்க? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வரலன்னா நானே வந்து கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடுவேன்"ன்னா. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ராஜேஸ்வரி வீடு எங்க இருக்குன்னு இவளுக்கு என்ன தெரியும், பாவம்.

நாளைக்குன்னா இன்னிக்குத்தான். இன்னிக்கு அவ போனே பண்ணல. அதான் உன்னை இவ்ளோ நேரம் பிடிச்சு வெச்சிருக்கேன்.

கௌதம்கிட்ட சொல்லு, மூக்கு எடுத்தா நீ நல்லா இருப்பேன்னு. என்ன கொறைச்சல் எனக்கு?

இரு, பெல் அடிக்குது. கூரியரா இருக்கும், இவரு எதையாவது வரவழைச்சுக்கிட்டே இருப்பாரு. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருப்பான். உக்காரு, நான் பாக்கறேன். இந்த டப்பாவுல வாசல்ல நிக்கறவங்க மூஞ்சியும் தெரியும், பேசினாலும் கேக்கும்.

யாழினி.

யாழினி, இங்க வா. நீ பாரு. குடையோட நிக்கறாளே, அந்தப் பச்சைப் புடவை. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, நீ பாத்துச் சொல்லு. தலை பூரா நரைச்சுப் போச்சே இவளுக்கு. பின்னாடி ஆட்டோ நிக்குதா?

கேட்டியா அவ சொன்னத? "ராஜேஸ்வரி அம்மா வீடு இதுதானே"ங்கறா. சிரிக்காமக் கேக்கறா பாரு, கள்ளி. "டாக்டரு மத்த டோக்கன் எல்லாம் நிறுத்தி வெச்சுட்டு ஒக்காந்திருக்காரு, செருப்பப் போட்டுக்கிட்டு கீழ எறங்கி வரச் சொல்லுங்க"ங்கறா.

அப்ப, மொத நாளே. அந்த மாத்திரை, அந்தப் பையன், எல்லாமே. ஐயோ, நான் ஒரு மடச்சி, உன்கிட்ட உக்காந்து பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தேனே. நீ எப்பவோ புரிஞ்சுக்கிட்ட, அதான் சிரிச்ச.

என் பர்ஸ் எங்க? அந்த மேசை மேல இருக்கா? குடு. ஆட்டோவ நிக்க வெச்சிருக்கா, காத்திருந்ததுக்கும் சேத்துக் கேப்பான், அவகிட்ட எவ்ளோ இருக்கோ.

இல்ல. வேணாம். இருந்த எடத்துலயே வெச்சுடு. அவளே குடுக்கட்டும்.

என் கையக் கொஞ்சம் பிடிச்சுக்கோ மா. இதுல எந்தப் பட்டன அமுக்கினா நான் பேசறது அவளுக்குக் கேக்கும்? இதுவா?

ஆமா மங்கை. இந்த வீடுதான்.